இரண்டு ஒரகடம்

எங்கள் அம்பத்தூரில் ஒரு ஒரகடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இன்னொரு ஒரகடம் இருக்கிறது. முன்னது நாங்கள் கீரை வாங்கப் போகும் ஒரகடம். பின்னது கார் கம்பெனிகள் இருக்கும் ஒரகடம். இரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

2010 வாக்கில், நான் எஸ்டேட்டில் வேலையில் இருந்த சமயம், அந்த தூரத்து ஒரகடத்துக்கு ஒரு டை அவசரமாகப் போக வேண்டியிருந்தது. டெம்போ டிரைவர் புதுசு. அரை மணி நேரத்தில் போன் வந்தது. "சார், ஒரகடம் வந்துட்டேன். டீக்கடை எதிர்லதான் நிக்கறேன். கம்பெனி எந்தப் பக்கம்?" அந்தப் பக்கம் டைக்காகக் காத்திருந்தவர் ஒரு கொரிய இன்ஜினியர். மறுநாள் அவரிடம் நான் அசடு வழிந்துகொண்டு விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை. பேர் ஒண்ணு, ஊர் வேற என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த டெம்போ டிரைவர் செய்ததையே ஏழு வருடம் கழித்து நானும் செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. அதுவரை அம்பத்தூர், பாடி, ஆவடிப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த வெளிநாடு என்றால் இங்கிலாந்து, ஜெர்மனி, கொஞ்சம் ஜப்பான். ஆவடி டாங்க் தொழிற்சாலையால் ரஷ்யாவும் உண்டு. சான்ட்ரோவுக்குப் பிறகு எங்கள் எஸ்டேட்டில் கொரியர்கள் நடமாட ஆரம்பித்தார்கள். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வட்டமும் கோடுமாக ஒரு எழுத்தில் பலகைகள். எனக்கு அது எழுத்தாகவே தோன்றவில்லை, ஏதோ டிராயிங்கில் வரும் குறியீடு மாதிரி இருந்தது.

அந்த இன்ஜினியரின் சின்னப் பையன் ஒருநாள் ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தான். ஓடிவந்து "அப்பா!" என்றான். ஷாப்பில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தோம். சுத்தமான அப்பா. அம்மாவைக் கேட்டால் "ஒம்மா" என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சும்மா சொல்லவில்லை, அன்றைக்குத்தான் கொரிய மொழி மேல் ஆசை விழுந்தது.

ஆசை ஓய்வு பெறும் வரை தூங்கியது. ஓய்வு பெற்றதும் வாட்ஸாப் வந்து எழுப்பியது. தமிழுக்கும் கொரியத்துக்கும் பொதுவாக 500 சொற்கள், தமிழே கொரியத்தின் தாய் என்று ஒரு பட்டியல் வந்ததே, உங்களுக்கும் வந்திருக்கும். அப்பா, ஒம்மா, நான், நீ, புல், நாள், பல், வா. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, 2017 பொங்கல் சமயம் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கைதட்டல் வாங்கியது அந்த ஒரு நாள்தான். முன்வரிசையில் இருந்த தமிழாசிரியர் ஐயா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கண் கலங்கி எழுந்து வந்து தன் தோளில் இருந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இவ்வளவு பேசியவன் அந்த மொழியைப் படிக்க வேண்டாமா என்று தோன்றிவிட்டது.

எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. சத்தியமாக ஒரு வாரம்தான். செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து அது. மொத்தம் 28, இன்று புழக்கத்தில் 24. 'க'வுக்கான எழுத்து, நாக்கின் அடிப்பகுதி மேலெழும் வடிவம். 'ந' நாக்கு நுனி மேலே தொடும் வடிவம். 'ம' வாயின் வடிவம், ஒரு சதுரம். தொல்காப்பியப் பிறப்பியலில் எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லியிருக்கிறதல்லவா, அதைப் படமாகவே போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். நமக்கு உயிர், மெய். உயிரில்லாமல் உடம்பு இயங்காது. அவர்களுக்கு உயிரெழுத்து 'தாய் ஒலி', மெய்யெழுத்து 'பிள்ளை ஒலி'. தாய் இல்லாமல் பிள்ளை இல்லை. அந்தப் பெயர்கள் சீனச் சொற்களால் ஆனவை என்றாலும் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னொரு விஷயம் தமிழனுக்கு இலவசம். கொரியத்தில் 'க' சொல்லின் முதலில் வந்தால் ஒரு மாதிரி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் குழைந்து ஒலிக்கும். நாம் கடல் என்பதிலும் அகம் என்பதிலும் ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. இங்கிலீஷ்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்தத் துறைமுக நகரத்தை 'பூசான்' என்று வல்லினமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் 2000இல் விதியை மாற்றி மெல்லிய 'ப'வில் எழுத ஆரம்பித்தார்கள். நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப' போதும். ஆனால் காற்று விட்டுச் சொல்வது, அழுத்திச் சொல்வது என்று ஒவ்வொரு வல்லினத்திலும் அவர்களுக்கு மூன்று உண்டு. அதில் நான் இன்றுவரை தேறவில்லை. அவர்களுக்கு நம் ழகரம் போல, ளகரம் போல எதுவும் கிடையாது. கணக்கு நேராகிவிட்டது.

எழுத்து வந்த பிறகு பட்டியலைக் கையில் எடுத்தேன். ஒவ்வொன்றாகக் கழன்றது.

'நான்' முதலில் போனது. கொரியத்தில் 'நான்' என்பதற்குச் சொல் 'நா' மட்டும்தான். பேச்சை இன்னாரைப் பற்றி என்று குறிக்க 'நுன்' என்ற ஒட்டு சேரும். நா, நுன் இரண்டும் பேச்சில் சுருங்கி 'நன்' ஆகிறது. பட்டியல்காரர் அந்த ஒட்டையும் சேர்த்து நம் நான் என்று எண்ணிவிட்டார். நம் பக்கமும் பழைய வடிவம் யான். அடுத்தது 'நீ'. கொரியச் சொல் 'நொ'. இப்போது பேச்சில் 'நி' என்று கேட்பது, 'என்' என்பதும் 'உன்' என்பதும் ஒரே மாதிரி ஒலிக்க ஆரம்பித்துவிட்டதால், குழப்பம் தீர்க்க மாறிக்கொண்டது. 'இப்பல்' என்பதில் பல் தெரிகிறதே? அங்கே பல்லைக் குறிப்பது முன்னால் நிற்கும் 'இ'. பழைய வடிவம் 'நி'. பின்னால் வரும் 'பல்' வெறும் ஒட்டு. 'புல்' நிஜமாகவே புல்தான், ஆனால் 15ஆம் நூற்றாண்டில் அதை 'ப்உல்' என்று உதடு குவியாத உயிரோடு எழுதியிருக்கிறார்கள். நெருப்பு, தண்ணீர் என்ற சொற்களிலும் அதே மாற்றம் நடந்திருக்கிறது. நம் புல் சங்க காலத்திலேயே உதடு குவிந்துதான் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு பெண் சொல்லும் 'ஒன்னி'யை நம் அண்ணி என்கிறார்கள். அண்ணன் மனைவியைக் கொரியப் பெண் 'புது ஒன்னி' என்கிறாள். அதுவே ஒன்னியின் அசல் பொருள் அக்கா என்று காட்டிக்கொடுக்கிறது.

அப்பா, அம்மாவையாவது விட்டுவைத்தார்களா? ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கிலேயே இதை எழுதிவிட்டார். பால்குடிக் குழந்தைக்கு முதலில் வருவது உதட்டு ஒலிதான். அது எதையோ உளற, பெற்றவர்கள் அது தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! மிஞ்சியது 'நாள்' ஒன்று. அவர்கள் 'நல்' என்கிறார்கள். பொருளும் அதேதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஒரகடத்துக்கு ஒரு ஒரகடம் இருக்கக் கூடாதா என்று வைத்துக்கொண்டேன்.

ஒப்புமை வேறு, உறவு வேறு என்று எனக்குப் புரிய வைத்தது கன்னடம். எங்கள் ஷாப்பில் கோலார்க்காரர் ஒருவர் இருந்தார். நாம் பால் என்றால் அவர் ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. ப வந்த இடத்திலெல்லாம் ஹ. கேட்கும்போது ஒன்றுபோல் இல்லை, ஆனால் விதி பிசகுவதே இல்லை. அதுதான் ரத்த உறவு. கொரியப் பட்டியலில் அப்படி ஒரு விதியையும் யாரும் காட்டவில்லை. ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள்: ஹானா, துல், செத், நெத்... ஒன்றுகூட நம்மோடு ஒட்டாது. அகராதியில் பாதிக்கு மேல் சீனத்திலிருந்து வந்த சொற்கள் வேறு.

நிஜமாகவே இங்கிருந்து போன சொற்களும் இருக்கின்றன, ஆனால் அவை போன வழி வேறு. கண நேரத்துக்குக் கொரியத்தில் 'சல்நா' என்று எழுதி 'சல்லா' என்று படிக்கிறார்கள். அது க்ஷணம்! பௌத்த நூல்களோடு வடமொழியிலிருந்து சீனத்துக்குப் போய், அங்கிருந்து கொரியாவுக்குப் போயிருக்கிறது. போதிதர்மரை அவர்கள் 'தல்மா' என்கிறார்கள். அவர் காஞ்சிபுரத்தவர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கதை உண்மையானால், நாங்கள் டை அனுப்பிய அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அவர் ஊர்.

இந்தப் பட்டியல் வாட்ஸாப்பில் பிறந்ததில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். அவரே திராவிடத்துக்கு வெளியே உறவு தேடி, வடக்கே 'சித்திய' மொழிகள் என்று அன்று சொல்லப்பட்ட கூட்டத்தோடு இணைத்துப் பார்த்தவர். 1874இல் பாரிஸில் டாலே பாதிரியார் கொரியத் திருச்சபை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கொரியாவையே பார்த்திராதவர். அங்கே உயிரைக் கொடுத்த பாதிரிமார்களின் குறிப்புகளை வைத்து எழுதினார். ஆனால் அவர் முன்பு மைசூர்ப் பகுதியில் பணிபுரிந்தவர். அதே பாரிஸ் சபைதான் புதுச்சேரியிலும் இயங்கியது. கொரிய இலக்கணக் குறிப்பைப் பார்த்ததும் தென்னிந்தியா அவருக்கு ஞாபகம் வந்ததில் வியப்பென்ன? முன்னுரையிலேயே இரண்டையும் ஒப்பிட்டுவிட்டார்.

அடுத்து வந்தவர் ஹோமர் ஹல்பர்ட். அமெரிக்கர். 1886இல், 23 வயதில், அரசரின் ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியராக சியோல் போனார். கொரிய எழுத்திலேயே உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். கற்றவர்கள் சீன எழுத்தைத்தான் மதித்த காலம் அது. 1905இல் சியோலிலேயே கொரியத்துக்கும் இந்தியத் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் என்று ஒரு நூலை அச்சிட்டார். தலைப்பே கால்டுவெல்லை நினைவூட்டும்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1905 நவம்பரில்தான் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடு என்று கையெழுத்து வாங்கியது. அந்தச் சமயத்தில் கோஜோங் பேரரசரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்க அதிபரிடம் போனவர் இதே ஹல்பர்ட்தான். பலன் இல்லை. 1910இல் கொரியாவை ஜப்பான் விழுங்கியது. அதே 1910இல் கனசாவா என்ற ஜப்பானிய அறிஞர் ஜப்பானியமும் கொரியமும் ஒரே குடும்பம் என்று நூல் போட்டார். கனசாவாவின் சொல்லாராய்ச்சியை எடைபோட எனக்கு அறிவு போதாது. ஆனால் அண்ணன் தம்பி என்று மொழியில் சொல்வது, வீட்டைச் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ள எவ்வளவு வசதி என்று பாருங்கள். பின்னாளில் ஒரே மூதாதை என்ற பேச்சே கொரியர்களை ஜப்பானியராக்கும் கொள்கைக்கு முட்டுக்கொடுத்தது. ஹல்பர்ட் தெற்கே, நம் பக்கம் கை நீட்டியதில் இந்தக் கசப்புக்கும் பங்கு உண்டா என்று யோசிப்பேன். இது என் ஊகம்தான்.

86 வயதில், 1949 ஜூலை கடைசியில், சுதந்திரக் கொரியாவுக்கு விருந்தாளியாகத் திரும்பி வந்தார் ஹல்பர்ட். ஒரே வாரத்தில் இறந்துபோனார். சியோலில் ஹான் நதிக்கரையில் வெளிநாட்டார் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் கருத்து தப்பாகவே இருக்கட்டும், மனுஷனைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜப்பான் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. சுசுமு ஓனோ 1980 வாக்கிலிருந்து ஜப்பானியத்தைத் தமிழோடு இணைத்து எழுதினார்; பொங்கலையும் அவர்கள் ஜனவரி நடுவில் செய்யும் சடங்கையும் ஒப்பிட்டார். நம் ஊரில் மாலை போட்டோம், அவர் நாட்டு மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. 'அயுத' நாட்டிலிருந்து கி.பி. 48இல் கடல் கடந்து போய் கிம் சுரோ மன்னரை மணந்த இளவரசி கதையையும் கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்லும் நூல் எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில். அயோத்தியில் 2001இல் நினைவிடமே வந்துவிட்டது. நம்மவர்கள் இரட்டை மீன் சின்னத்தைக் காட்டிப் பாண்டிய நாடு என்கிறார்கள். அந்த மீன் இருக்கும் வாயில் பிற்காலக் கட்டடம். இதற்கு மேல் நான் இதில் கால் வைக்கவில்லை.

இன்று கொரியத்தை எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் தனி மொழியாக, ஜேஜு தீவுப் பேச்சை மட்டும் உடன்பிறப்பாக வைத்துத்தான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் புரியவே இரண்டு வருடம் ஆகிவிட்டது. தமிழாசிரியர் ஐயாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துண்டு போர்த்தியவர் ஆயிற்றே. ஒரு சாயங்காலம் வெங்கடாபுரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இத எடுத்து உனக்கு என்ன தம்பி ஆகப்போவுது? யாருக்குக் கெடுதல் பண்ணுச்சு அந்தப் பட்டியல்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். காபி வரவில்லை. அந்த வீட்டில் காபி வராமல் நான் எழுந்தது அதுதான் முதல் தடவை. நான்கு மாதம் நடைப்பயிற்சியில் எதிரே வந்தாலும் தலையாட்டலோடு சரி.

நியாயமான கேள்வி. எனக்கும் அதற்கு உடனே பதில் இல்லை. பதில் கொஞ்சம் சுற்று வழியில், 1942 என்ற வருடத்தைப் படித்தபோது கிடைத்தது. பள்ளிகளில் கொரிய மொழியை 1938இல் விருப்பப் பாடமாக்கி, பிறகு அதையும் ஒதுக்கிய ஜப்பானிய அரசு, 1942இல் கொரிய மொழிச் சங்கத்து ஆட்களைச் சிறையில் போட்டது. அவர்கள் செய்த குற்றம் அகராதி தொகுத்தது. இரண்டு பேர் சிறையிலேயே இறந்தார்கள். சாட்சியமாகப் பறிமுதல் செய்த கையெழுத்துப் படி தொலைந்தே போனது. 1945 செப்டம்பரில், விடுதலை வந்த பிறகு, சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதிலிருந்துதான் 1947இல் முதல் தொகுதி வெளிவந்தது. அதே 1938இல்தான் இங்கே பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. 1939இல் சிறைவாசத்தில் நடராசனும் தாளமுத்துவும் இறந்தார்கள். அந்த ஆட்சி வேறு, இந்த ஆட்சி வேறு, கொடுமையின் அளவும் வேறு. ஆனாலும் வீட்டு மனை வேலையாக எழும்பூர் சி.எம்.டி.ஏ.வுக்குப் போய் தாளமுத்து நடராசன் மாளிகை என்ற பலகையை எத்தனையோ தடவை பார்த்த எனக்கு, அந்தச் சரக்குக் கிடங்கைப் படித்தபோது தொண்டை அடைத்தது. சொற்களுக்காகச் செத்தவர்கள் இருக்கும்போது, அவர்கள் சொல்லைப் பிய்த்து நம்முடையது என்று எழுதிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதை ஒரு தாளில் எழுதி ஐயாவுக்குக் கொடுத்தேன். கூடவே இன்னொரு தாள். அதில் சொல் ஒப்புமை ஒன்றும் இல்லை, வாக்கியங்கள் மட்டும்.

சாப்பிட்டுப் பார் என்கிறோம். சாப்பாட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கிலீஷில் இதை அப்படியே சொன்னால் சிரிப்பார்கள். கொரியர் 'மொகொ போதா' என்கிறார். மொகொ, சாப்பிட்டு. போதா, பார்ப்பது. செய்து கொடு என்பதற்கு 'ஹே ஜுதா'. ஜுதா என்றால் கொடுப்பது. எழுதி வை என்பதற்கு 'ஸொ தூதா', தூதா, வைப்பது. உட்கார்ந்திருக்கிறான் என்பதில் நம் 'இரு' நிற்கும் இடத்தில் அவர்கள் 'இருத்தல்' நிற்கிறது. நமக்கு நெல், அரிசி, சோறு என மூன்று. அவர்களுக்கும் ப்யொ, ஸல், பப் என மூன்று. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாமே ரைஸ். வழியில் பார்த்தால் சாப்டாச்சா என்கிறோம், அவர்கள் 'பப் மொகொஸ்ஸோ' என்கிறார்கள். அறுவடைத் திருநாளுக்கு அரிசி மாவில் எள், பயறு வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள், பிறைநிலா வடிவத்தில். கொழுக்கட்டை என்று நான் எழுதவில்லை, அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே மட்டும் ஒரு வரி: வினைக்கு இப்படித் துணைவினை போடுவது ஜப்பானியத்திலும் உண்டு, மங்கோலியத்திலும் துருக்கியிலும்கூட உண்டு. வினை கடைசியில் நிற்கும் மொழிகளில் இது அடிக்கடி நடக்கிறதாம். கொரிய வினையில் நம் ஏன், ஆன், ஆள் விகுதி கிடையாது என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராவது நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். கையில் அந்தத் தாள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

"துணைவினைன்னு நீயே எழுதியிருக்கே, ஆனா 'விடு'வ விட்டுட்டியே தம்பி. போய்விட்டான்னு சொல்றமே, அதுக்கு அவன் என்ன சொல்றான்?"

'கா பொர்யொத்தா' என்றேன். போ என்ற வினையோடு எறிந்துவிடு என்ற வினை.

"எறிஞ்சிடறதா..." என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "நாம விடறோம். அவன் எறியறான்." கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்து, என் வீட்டம்மாவிடம், "காபி இருக்காம்மா?" என்றார்.